செவ்வாய்க்கிழமை எடுத்த நகல்

என் தம்பி மகளை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தை அவள் மட்டும் படிக்கவில்லை. நாற்பத்தொரு கிளைகளும் படித்தன. 'தரவுத்தளப் பிரிவு அலுவலரின் கவனக்குறைவால் மூன்று நாள் பரிசோதனை முடிவுகள் அழிந்தன' என்று எழுதி, அவள் பெயரையும் போட்டு, எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து என் தம்பியுடையது. அவன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவனையும் சேர்த்துத்தான் தெருவில் நிறுத்தினார்கள்.

அந்த நிறுவனம் ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துகிறது. எல்லாக் கிளைகளின் முடிவுகளும் தலைமை அலுவலகத்தில் இருக்கும் ஒரு டேட்டாபேஸ் சர்வரில் வந்து சேரும். அதை முதன்முதலில் நிறுவியவன் நான். இருபத்திரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டேன். என் தம்பியும் வேறொரு நிறுவனத்தில் இதே வேலையில் இருந்தவன். நான் ஓய்வு பெற்ற வருடம் தம்பி மகள் என் நாற்காலிக்கு வந்தாள். எங்கள் மூவர் கையிலிருந்தும் ஒரு வரித் தகவல்கூடத் தொலைந்ததில்லை என்று நான் நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு நாலு பேர் இருக்கும் இடத்துக்கே போவதை விட்டேன்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் சர்வரின் முழு பேக்கப் எடுப்பார்கள். மற்ற நாட்களில் இரவு, அந்த ஞாயிறுக்குப் பிறகு மாறியது மட்டும் ஒரு சிறு கோப்பாக எடுக்கப்படும். ஞாயிறு கோப்பையும் கடைசியாக எடுத்த சிறு கோப்பையும் சேர்த்தால் முழு டேட்டாபேஸும் திரும்பக் கிடைக்கும். அதற்கும் மேலே கால்மணிக்கொரு தரம் எடுக்கும் பதிவு நகல் ஒன்று இருந்தது. சர்வர் வட்டில் இடமில்லை என்று அதை ஆறு மாதம் முன்பே நிறுத்தச் சொன்னார் பிரிவுத் தலைவர். தம்பி மகள் எழுத்து மூலம் மறுத்தும் நிறுத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை வட்டுகள் செயலிழந்தன. புது வட்டுகளில் ஞாயிறு கோப்பு ஏறியது, திங்கள் கோப்பு ஏறியது. செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் ஏறவில்லை. ஏற்றிப் பார்த்தவர் அதே பிரிவுத் தலைவர்தான். விசாரணை முடியும்வரை நீ கை வைக்கக் கூடாது என்று தம்பி மகளை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கோப்புகள் கெட்டுப்போய்விட்டன என்று எழுதிக் கொடுத்தார். பதினோராயிரம் பேர் திரும்ப வந்து கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பிரிவுத் தலைவரை அலுவலகத்தில் சிரிப்பழகன் என்பார்கள். நல்ல செய்திக்கும் சிரிப்பான், கெட்ட செய்திக்கும் சிரிப்பான். இனி அவனுக்கு 'ர்' விகுதி போட எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடிதம் வந்த அன்று மாலை தம்பி மனைவி முன்னால் வைத்து அந்தப் பெண்ணைக் கேட்டேன். "தினமும் பாத்துக் கையெழுத்துப் போடறவ என்னத்தப் பாத்த? உங்கப்பன் இருந்திருந்தா இன்னைக்குச் செத்திருப்பான்" என்றேன். நிறுவனம் சொன்னதை நம்பினேன், வீட்டுப் பெண்ணை நம்பவில்லை. மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. பழி தீர்ப்பது வரும்.

ஏழு மாதம் கழித்து இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா?"

"சொல்லுங்க."

"தினமும் காலைல பத்து மணியத் தாண்டினா எல்லாக் கிளையிலயும் ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுது. இருபது நிமிஷம், சில நாள் அரைமணி நேரம். அப்புறம் தானாவே சரியாயிடுது. ரெண்டு கம்பெனிய வரவழைச்சுப் பாத்துட்டோம். ஒருத்தர் மெமரி பத்தலங்கறார், இன்னொருத்தர் சர்வரையே மாத்தச் சொல்றார்."

"உங்க பிரிவுத் தலைவர் என்ன சொல்றார்?"

"அவர் சிரிக்கிறார் ஐயா."

"வர்றேன். என் மகளும் வருவா. எனக்கு என்னென்ன பார்க்க அனுமதியோ அவளுக்கும் அத்தனையும் வேணும். பழைய பேக்கப் கோப்பு வரைக்கும்."

"எந்த மகள் ஐயா?"

"எனக்கு இருக்கறது தம்பி மகதான். நீங்க நாப்பத்தோரு கிளைக்கும் அறிமுகப்படுத்தி வெச்சீங்களே, அவதான்."

அவர் தயங்கினார். நான் காத்திருந்தேன். கிளைகளிலிருந்து தினமும் வசவு வாங்குகிறவரால் எவ்வளவு நேரம் தயங்க முடியும்? சரி என்றார். தொலைபேசியை வைத்ததும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, ஏழு மாசமா இல்லாத தெளிச்சியா இருக்கீங்க. யாரையாவது கடிக்கப் போறீங்களா?"

"ஆமா."

"பல்லு பத்திரம். கட்டின பல்லு."

தம்பி மகள் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் முகவரிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வயது. கோடிக்கணக்கான தகவல்களைக் கட்டி மேய்த்தவள். கடைக்கே போனேன்.

"நான் வரல பெரியப்பா."

"வர்ற."

"கடைசியா வெளிய வந்தப்ப வாசல்ல காவலாளி என் பையத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து வெச்சார். சீப்பு முதக்கொண்டு."

"இந்தத் தடவை கதவத் திறப்பார்."

"உங்களுக்கு அவங்க மேல கோவம். எனக்கு என் மேலதான். பேக்கப் முடிஞ்சதுன்னு பச்சை டிக் வந்திருக்கான்னு மட்டும்தான் தினமும் பாத்தேன். ஒரு தடவைகூட ஏத்திப் பாக்கல. அந்தத் தப்பு என்னோடது, அத யாரும் எடுத்துக்க முடியாது."

"அத நீ வெச்சுக்க. மிச்சத்த யார் வெச்சிருக்கான்னு பாத்துட்டு வருவோம்."

அவள் மேசை மேலிருந்த கண்ணாடிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, முதலாளியிடம் நாலு நாள் விடுப்புக் கேட்டாள்.

திங்கள்கிழமை காலை ஒன்பதரைக்குப் போனோம். சிரிப்பழகன் வரவேற்பறைக்கே வந்துவிட்டான்.

"வாங்க சார், வாங்க. என்ன குடும்பத்தோட கிளம்பி வந்துட்டீங்க?"

"வயசாயிடுச்சு. பேக்கப் இல்லாம எங்கயும் போறதில்ல."

சிரித்தான். தம்பி மகளைப் பார்த்து, "எப்படிம்மா இருக்க? எதையும் மனசுல வெச்சுக்காத" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், "எந்த மேசைல உக்காரணும்?" என்று கேட்டாள். சர்வர் அறையை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு திரைகள் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லை. குளிர்சாதனத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்தது.

பத்து மணிக்கு அவன் இயக்குநர் கூட்டத்துக்குப் போனான். பத்து ஐந்துக்குக் கிளைகள் நின்றன. திரையில் இருநூறு இணைப்புகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காத்துக் கிடந்தன. இவன் எதற்காக நிற்கிறான், முன்னால் நிற்கிறவனுக்காக. முன்னால் நிற்கிறவன் எதற்காக, அவனுக்கும் முன்னால் இருப்பவனுக்காக. தம்பி மகள் வரிசையைப் பிடித்துக்கொண்டே மேலே போனாள். நாலு நிமிடம்தான். வரிசையின் தலையில் ஓர் இணைப்பு ஒரு வேலையும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாற்றத்தைத் தொடங்கி, முக்கியமான அட்டவணையைப் பூட்டி, முடிக்காமல் விட்ட இணைப்பு. எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பார்த்தாள். பிரிவுத் தலைவர் கணினி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாரும் வர்ற ரூமப் பூட்டிட்டு, சாவிய சட்டப்பைல போட்டுக்கிட்டு மீட்டிங் போன மாதிரி இருக்கு பெரியப்பா. தினமும் இயக்குநருக்கு அறிக்கை காட்டறதுக்காக அட்டவணைல ஒரு குறி போடறார், உறுதி செய்யாம எழுந்து போயிடறார். திரும்பி வந்து திரையில அந்த ஜன்னல மூடினா எல்லாம் ஓட ஆரம்பிக்குது."

"சொல்லாத."

"ஏன்?"

"சொன்னா இப்பவே நன்றி சொல்லி அனுப்பிடுவாங்க. நாம வந்தது இதுக்கில்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் பழைய பேக்கப் கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். விசாரணைக்கு உட்பட்ட கோப்புகளை ஐந்து வருடம் அழிக்கக் கூடாது என்பது தரச்சான்று தருபவர்கள் விதி. அந்த மூன்று 'கெட்டுப்போன' கோப்புகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பேக்கப் கோப்பின் தலைப்பிலும் அதன் பிறப்பு விவரம் எழுதியிருக்கும். புதன்கிழமைக் கோப்பின் தலைப்பைப் படிக்கச் சொன்னாள். சர்வர் ஒரு நொடியில் படித்துக் காட்டியது.

"கெட்டுப்போன கோப்பு இப்படி ஒழுங்கா பதில் சொல்லாது" என்றாள்.

"அடிப்படை எதுன்னு பாரு. எந்த முழு பேக்கப்புக்கு மேல எடுத்தது?"

அடிப்படை ஞாயிறு இல்லை. செவ்வாய், பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு.

"செவ்வாய்க்கிழமை நாங்க முழு பேக்கப் எடுக்கறதே இல்லையே."

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாரத்தின் நடுவில் யாராவது சொந்தத் தேவைக்கு ஒரு முழு பேக்கப் எடுத்தால், சர்வர் அதையே புதிய அடிப்படையாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் சிறு கோப்புகள் ஞாயிறு கோப்போடு ஒட்டாது. இது சும்மா ஒரு நகல்தான், கணக்கில் வைக்காதே என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான். யாரோ டிக் போடாமல் முழு பேக்கப் எடுத்து, வேலை முடிந்ததும் இடத்தை அடைக்கிறதே என்று அந்தக் கோப்பை அழித்திருக்கிறார்கள். மூன்று நாள் கோப்புகளும் தாயில்லாமல் போயின. இவள் பார்த்த பச்சை டிக்குகள் பொய்யில்லை. அவை ஒவ்வொன்றும் நல்ல கோப்புதான்.

யார் எடுத்தது? சர்வரின் பேக்கப் வரலாற்றைத் திறந்தோம். நான்கு வருட வரலாறு வரிசையாக இருந்தது. அந்த ஒரு வாரம் மட்டும் இல்லை. தம்பி மகள் விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"மறந்து விட்டுப்போன வாரம் இல்ல இது, பெரியப்பா. துடைச்ச வாரம்."

"முழு பேக்கப் எதுக்கு எடுப்பாங்க வாரத்து நடுவுல?"

"எங்கயாவது கொண்டுபோய் ஏத்தறதுக்கு." சொன்னவள் எழுந்தே விட்டாள். "டெஸ்ட் சர்வர்."

சோதனை வேலைகளுக்கென்று பக்கத்தில் இருக்கும் சர்வர் அது. ஒரு பேக்கப்பை அங்கே ஏற்றினால் அந்தச் சர்வரும் தன் பங்குக்குக் குறித்து வைத்துக்கொள்ளும், ஏற்றியது யார், அந்தக் கோப்பை முதலில் எடுத்தது யார், கோப்பின் அடையாள எண் என்ன என்று. அழித்தவன் ஒரு வீட்டை மட்டும் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தான். செவ்வாய், மூன்று நாற்பத்திரண்டுக்கு எடுத்த கோப்பு, நாலு பத்துக்கு ஏற்றப்பட்டது. எடுத்த பெயரும் ஏற்றிய பெயரும் ஒன்றே, சிரிப்பழகனுடையது. அடையாள எண்ணைப் புதன்கிழமைக் கோப்பின் தலைப்போடு எழுத்தெழுத்தாகப் பொருத்திப் பார்த்தாள். இரண்டு முறை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். "பிரிண்டர் அதே இடத்துலதானே இருக்கும்" என்று கேட்டுக்கொண்டே வெளியே போனாள்.

தாள்களோடு திரும்பி வந்ததும் நேராக இயக்குநரிடம் போகலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு நாற்பத்தொரு கிளைத் தலைவர்களும் திரையில் சேரும் கூட்டம் உண்டு. என் காலத்தில் தொடங்கியது.

"அதுவரைக்கும் தினமும் ஸ்க்ரீன் நிக்கணுமா?"

"நிக்கட்டும். வியாழக்கிழமை எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கும்போது நிக்கட்டும். அப்ப சொல்றேன், யார் சட்டப்பைல சாவி இருக்குன்னு."

"கிளையில ஆளுங்க காத்திருப்பாங்க பெரியப்பா."

"ஏழு மாசம் நீ காத்திருந்த. அவங்க அரைமணி இருந்தா குறைஞ்சு போயிட மாட்டாங்க."

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணி தாண்டியது, கிளைகள் நிற்கவில்லை. புதன்கிழமையும் நிற்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"என்ன பண்ண?"

"பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு அந்த இணைப்பக் கொன்னுட்டேன். ரெண்டு நாளும்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பழி தீக்கறது உங்க இஷ்டம். கையில பஞ்ச அழுத்திக்கிட்டு நிக்கறவங்க தலையில தீக்க வேணாம்."

கோபத்தில் மதியம் நான் சாப்பிடவில்லை. பெரியவன் சொல்லை மீறுவது எங்கள் வீட்டில் இல்லாத பழக்கம். ஆனால் அவள் செய்ததுதான் எனக்கு ஆளைக் கொண்டுவந்து கொடுத்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இயக்குநர் என்னை அறிமுகம் செய்து முடிக்கும் முன்பே சிரிப்பழகன் எழுந்தான். சுவர்த்திரையில் நாற்பத்தொரு முகங்கள் கட்டம் கட்டமாக இருந்தன.

"எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. பெரியவருக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நானே உக்காந்து சில அமைப்புகள மாத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலருந்து எங்கயும் நிக்கல. கவனிச்சிருப்பீங்க."

ஒரு கிளைத் தலைவர் கைதட்டினார்.

"எந்த அமைப்பு?" என்று கேட்டேன்.

"அது... மெமரி பங்கீடு சம்பந்தமா சார். விவரமா அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லலாமே. நான் வெச்ச சர்வர். எனக்குப் புரியும்."

சிரித்தான். நான் தம்பி மகளைப் பார்த்தேன். அவள் ஒரு பட்டியலைச் சுவர்த்திரையில் போட்டாள். மூன்று நாளும் பத்து மணி இரண்டு நிமிடத்துக்குத் துண்டிக்கப்பட்ட இணைப்பு, அது வந்த கணினி.

"உங்க கம்ப்யூட்டர்ல இணைப்பு அறுந்துதுன்னு மூணு நாளா செய்தி வந்திருக்குமே, படிக்கலையா?" என்றாள். "பூட்டி வெச்சது நீங்க. தினமும் திறந்துவிட்டது நான். இன்னைக்கும் கால்மணி நேரம் முன்னால திறந்தேன்."

கைதட்டியவர் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். நான் தாள்களை எடுத்துச் சிரிப்பழகன் முன்னால் வைத்தேன்.

"இன்னொண்ணு இருக்கு. இத நீங்களே படிங்க. சத்தமா."

முதல் வரியைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போகவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. இயக்குநர் எட்டிப் பார்த்து, "ஐயா, இத உள்ள வெச்சுப் பேசிக்கலாமே" என்றார்.

"அவ பேர வெளிய போட்டுத்தான பேசினீங்க. இதையும் வெளியவே பேசுவோம். படிங்க."

படித்தான். தேதி, நேரம், கோப்பு, எடுத்தவர் பெயர், ஏற்றியவர் பெயர். தன் பெயரை இரண்டு முறை வாசித்தான். குரல் கேட்கவில்லை என்று ஏதோ ஒரு கிளையிலிருந்து சொன்னார்கள். மறுபடியும் படிக்கச் சொன்னேன்.

"ஒரு டிக் சார்" என்றான். "ஒரே ஒரு டிக் போட மறந்துட்டேன்."

"மறந்தது குத்தமில்ல. நானும் மறந்திருக்கேன். அந்த வாரத்த மட்டும் தேடி அழிச்சீங்களே, அது மறதி இல்ல. அழிச்சுட்டு ஒரு பொண்ண வாசல்ல நிக்கவெச்சுப் பைய சோதிச்சீங்களே, அது மறதி இல்ல."

நாற்பத்தொரு கிளைகளுக்கும் கடிதம் போக வேண்டும் என்றேன். அவன் கணினியிலிருந்து, அவன் கையால், இப்போதே. பழைய கடிதத்தின் அதே வாக்கியத்தில் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். 'தொழில்நுட்பச் சிக்கல்' என்று போடலாமா என்று கேட்டான். அவளுக்கு என்ன சொல் போட்டாயோ அதையே உனக்கும் போடு என்றேன். முதல்முறையாக அவனை ஒருமையில் அழைத்தேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. அவன் தட்டி முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது. நான் உட்காரவில்லை, அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். கடிதம் போனதும் சுவர்த்திரையில் ஒவ்வொருவராகக் குனிந்து படிப்பது தெரிந்தது. அதைக் கடைசி முகம் வரை பார்த்தேன்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவர இன்னைக்கே அனுப்பிடறோம் ஐயா. அந்த இடத்துக்கு உங்க மகளே வரணும். பிரிவுத் தலைவரா."

"அவ வரமாட்டா" என்றேன். வாசலில் பையைக் கொட்டிக் காட்டிய இடத்துக்கு எங்கள் வீட்டுப் பெண் திரும்பப் போவதா?

"வர்றேன்" என்றாள் தம்பி மகள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஆனா அவர அனுப்பாதீங்க சார். இங்கயே இருக்கட்டும்."

இவ்வளவு நடந்த பிறகும் இரக்கமா என்று அவளை வெறித்தேன். சிரிப்பழகனும் நிமிர்ந்தான். அவன் கண்ணில் நன்றியே தெரிந்தது.

"ஒரு பேக்கப்பையும் ஏத்திப் பாக்காம நம்பக் கூடாது. அது நான் செஞ்ச தப்பு, இனிமே நடக்கக் கூடாது. அதனால முந்தின நாள் எடுத்தத தினமும் காலைல டெஸ்ட் சர்வர்ல இவர் ஏத்தணும். பிரிவுல கடைசி மேசைல உக்காந்து. ஏறி முடிஞ்சதும் எங்கிட்ட வந்து, நின்னுக்கிட்டு, வாயால சொல்லணும். எந்தக் கோப்பு, யார் எடுத்தது, எத்தன மணிக்கு. வியாழக்கிழமைன்னா எல்லாக் கிளையும் கேக்கற மாதிரி சொல்லணும்."

இயக்குநர் மெல்லத் தலையசைத்தார். சிரிப்பழகனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பது, சற்று முன் அவனே தட்டி அனுப்பிய கடிதத்தால் அவனுக்கே தெரியும்.

நான் மூன்று நாள் திட்டமிட்டது ஒரு காலைப் பொழுதுக்குத்தான். இவள் எத்தனை வருடத்துக்கு யோசித்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். என் தம்பி இருந்திருந்தால் பயந்திருப்பான். நான் பயப்படவில்லை.

"எத்தன நாளைக்கும்மா?" என்று சிரிப்பழகன் கேட்டான்.

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "மேடம்னு கூப்பிடுங்க" என்றாள். "பாக்கலாம்."